‘மறுபடியும் பிறந்த, அதே பிரிவைச் சேர்ந்த மணமகன் தேவை’: நம் மாயம் பற்றி ஓர் உரையாடல்

பனங்காட்டான் (இழையைத் தொடங்கியவர்)

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். சென்ற வாரம் என் அக்காள் தன் மகளுக்கு வரன் தேடி ஒரு கிறிஸ்தவ மாத இதழில் வெளியிடுவதற்கு விளம்பரம் எழுதித் தரச் சொன்னாள். எழுத்து வேலை எதுவானாலும் எங்கள் குடும்பத்தில் அது என் தலையில்தான் விழும். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். தென்னிந்தியத் திருச்சபை, எம்.எஸ்சி., பி.எட்., 27 வயது, ஜெப வாழ்க்கையும் ஊழிய வாஞ்சையும் உள்ள மணமகளுக்கு, இரட்சிப்பின் நிச்சயமுள்ள, குடிப்பழக்கம் இல்லாத, மறுபடியும் பிறந்த (இயேசுவை ஏற்றுப் புதுவாழ்வு பெற்ற)… என்று வந்துகொண்டிருந்தவள், அடுத்த சொல்லாக எங்கள் சாதியின் பெயரைச் சொன்னாள். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

“மறுபடியும் பிறந்த மாப்பிள்ளை வேண்டும் என்று எழுதிவிட்டு, அவர் முதல் தடவை எங்கே பிறந்தார் என்றும் கேட்கிறோமே, அக்கா” என்றேன். “அது வேறு, இது வேறு, நீ எழுது” என்றாள். எழுதிவிட்டேன். ஆனால் இன்னும் அனுப்பவில்லை. தாள் என் மேசையின்மேல் கிடக்கிறது.

என் அக்காளைத் தவறாக நினைத்துவிடாதீர்கள். காலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிப்பவள். வருமானத்தில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுக்கும் தசமபாகத்தில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காதவள். கொரோனா ஊரடங்கின்போது சாதி, மதம் பார்க்காமல் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சோறு பொங்கிப் போட்டவள். கன்வென்ஷன் கூட்டங்களில் மாயக்காரர்களை, அதாவது பக்தி வேடம் போடுபவர்களைக் குறித்துப் பிரசங்கிகள் முழங்கும்போது, அவர்கள் மனத்தில் இருப்பது வட்டிக்கு விடும் கமிட்டி உறுப்பினராகவோ, திருமண்டலத் தேர்தலுக்குப் பணம் இறைப்பவராகவோ இருக்குமேயன்றி, இவளைப் போன்ற ஒருத்தியாக இருக்காது. அந்த வகையினரைப் பற்றி இங்கே எத்தனையோ இழைகளில் வயிறெரிந்து பேசியாயிற்று. நான் கேட்பது வேறு. பொய் சொல்லுகிறோம் என்ற உணர்வே இல்லாமல், முழு மனத்தோடு ஜெபித்துக்கொண்டே, விசுவாசத்துக்கு நேர் எதிரான ஒன்றை ஒழுங்காகச் செய்து முடிப்பவரை மாயக்காரர் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால், அந்தப் பட்டியலில் நம்மில் யார்தான் இல்லை?

ஆலயமணி

சகோதரர் பனங்காட்டானுக்கு ஸ்தோத்திரம். தங்கள் மனக்கலக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

முதலாவது, பெயர்க் கிறிஸ்தவர்களும் உண்மையான விசுவாசிகளும் வெவ்வேறு கூட்டத்தார். களையும் கோதுமையும் அறுப்புவரை சேர்ந்துதான் வளரும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். எவரோ சிலர் செய்வதை வைத்துத் திருச்சபை முழுவதையும் வேடதாரிகள் என்று எழுதினால், அதைப் படித்து மகிழ்பவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும். இரண்டாவது, திருமணம் என்பது இரண்டு பேர் மட்டும் சம்பந்தப்பட்ட காரியம் அன்று. சமையல், பேச்சு, உறவுமுறை, நன்மை தீமை என்று அந்தப் பெண் ஒரு குடும்பத்துக்குள் போய் வாழ வேண்டியிருக்கிறது. பழகிய வட்டத்துக்குள் தேடும் ஒரு தாயின் கவலையை மாயம் என்று அழைப்பது கடினமான சொல். நான் போதகர் அல்லன். 31 ஆண்டுகள் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் இரண்டு மகள்களுக்கும் அப்படித்தான் பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வேதமாணவி

ஆலயமணி ஐயா தம்மை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. இந்த இழை நேர்மையாகத் தொடங்கியிருக்கிறது.

சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம். நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் ‘மாயக்காரர்’ என்று வருவது, கத்தோலிக்கரும் பிறரும் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் ‘வெளிவேடக்காரர்’ என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள ‘ஹிப்போக்ரிட்டேஸ்’ என்பது மேடை நடிகருக்கு வழங்கிய சொல். அவ்வகையில் ‘வெளிவேடம்’ மூலத்துக்கு நெருக்கமானது. ஆனால் பனங்காட்டான் கேட்கும் கேள்விக்கு ‘மாயம்’ என்ற சொல்தான் பொருந்துகிறது என்பது என் எண்ணம். வேடம் போடுகிறவனுக்குத் தான் வேடம் போட்டிருப்பது தெரியும். மாயத்தில் சிக்கியவருக்கோ அது தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்தச் சொல் சுவிசேஷங்களில் பரிசேயரை நோக்கி வருவதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் அது பேதுருவை நோக்கி வருவதை எளிதாகத் தாண்டிவிடுகிறோம். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகுகிறார். மற்ற யூதரும் அவரோடு சேர்ந்து ‘மாயம்பண்ணினார்கள்’; பர்னபாவும் அந்த மாயத்தில் இழுபட்டுப்போனார் என்று பவுல் எழுதுகிறார். இங்கே பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மாற்றவில்லை. எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று எண்ணக் கூடாது என்று யோப்பா பட்டணத்தில் அவர் கண்ட தரிசனம் பொய்யாகிவிடவில்லை. புறஜாதியாரான கொர்நேலியுவின் வீட்டுக்குள் நுழைந்த அதே மனிதர்தான் இவர். ஒரு பிரசங்கத்தையும் திருத்தாமல், ஓர் அறிக்கையையும் விடாமல், இலையை விட்டு எழுந்தார். அவ்வளவுதான். அதைப் பவுல் பந்திப் பழக்கம் என்றோ குடும்ப வழக்கம் என்றோ எடுத்துக்கொள்ளாமல், சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ப நடக்காத குற்றமாகவே எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்து நிற்கிறார்.

எனவே பனங்காட்டான் அண்ணனுக்கு என் பதில்: ஆம், சொல்லலாம். ஆனால் உங்கள் அக்காளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன், அவருக்கு ‘யாக்கோபினிடத்திலிருந்து வந்தவர்கள்’ யார் என்று கேட்டுப் பாருங்கள். சித்தப்பாவா, பெரியப்பாவா, நாளைக்குத் துட்டிக்கு (துக்க வீட்டுக்கு) வராமல் போய்விடக்கூடிய சொந்தங்களா? அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் இருக்கும்.

பழஞ்சுவடி

பந்தி என்ற சொல் வந்துவிட்டதால் கொஞ்சம் பழைய கதையைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நீளமாக இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள். “அது வேறு, இது வேறு” என்ற அக்காளின் வாக்கியம் அவருடைய சொந்த வாக்கியம் அன்று. அதற்கு ஏறக்குறைய முந்நூறு வயது ஆகிறது.

புராட்டஸ்டண்ட் மிஷனரியான சீகன்பால்க் தரங்கம்பாடியில் கரையிறங்கியது 1706ஆம் ஆண்டு. அதற்குச் சரியாக நூறு ஆண்டுகள் முன்பு மதுரைக்கு வந்த கத்தோலிக்கக் குரு தெ நோபிலியின் முறை தனிக் கதை. அதை இங்கே விட்டுவிடுகிறேன். தரங்கம்பாடியில் எழுந்த புதிய சபையில் வெள்ளாளர் முதலானோரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஒரே கூரையின்கீழ் தனித்தனி இடத்தில் உட்கார்ந்தார்கள். 1733இல் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்ட் சபையில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர், வெள்ளாளர். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். போர்வீரராக இருந்து ஊழியத்துக்கு வந்தவர். மிஷனரிகளே போற்றிய உழைப்பாளி. ஆனால் அவர் பறையர். அவருக்குப் பட்டம் கொடுத்தால் அவர் கையிலிருந்து மற்றச் சாதியார் இராப்போஜன அப்பத்தை (திருவிருந்தை) வாங்க மாட்டார்கள் என்று கருதி, அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள். அவருடைய விசுவாசத்தில் குறை கண்டவர் எவரும் இல்லை. அப்பம் ஒன்றுதான், அதை நீட்டும் கைதான் பிரச்சினை.

அடுத்த நூற்றாண்டில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாகவும் அறுதியாகவும் விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பெருங்கலகம் உண்டாயிற்று. ஏராளமானோர் ஆராதனையை விட்டே வெளியேறினார்கள். இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவரும் இன்றும் நாம் பாடும் எத்தனையோ கீர்த்தனைகளை எழுதியவருமான தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், புதிய மிஷனரிகளின் ‘கொடுமைகள்’ என்று நான்கைச் சொல்லி வாதாடியிருந்தார். வேதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பை மாற்றுவது, திருமணத்தில் மாலையும் பூவும் கூடாது என்பது, ஆலயத்தில் தமிழ்ச் சங்கீதத்தைத் தடுப்பது, சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொல்வது. முதல் மூன்றில் பலவற்றை இன்று நாமும் அவர் பக்கம் நின்று ஆதரிப்போம். நான்காவதும் அவர் கணக்கில் அதே தட்டில்தான் இருந்தது. பாட்டையும் பூவையும் காப்பாற்றிய அதே நெஞ்சுதான் பந்திப் பிரிவினையையும் பண்பாடு என்று காப்பாற்றியது. அவரை வேடக்காரர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவருடைய பக்தியில் எள்ளளவும் கலப்படம் இல்லை. அதனால்தான் இந்த விஷயம் அச்சமூட்டுகிறது.

1850இல் சென்னை மிஷனரிகள் மாநாடு கூடி, சாதியை விட்டதற்கு அடையாளமாக எந்தச் சாதியார் சமைத்ததையும் எல்லோரோடும் இருந்து சாப்பிட வேண்டும் என்று தீர்மானம் செய்தது. ஜெர்மானிய லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷன் அதை ஏற்கவில்லை. சாதி சமூக ஏற்பாடு, அது மெல்லக் கரையட்டும் என்பது அவர்கள் வாதம். இந்தக் கெடுபிடி பிடிக்காத பலர் அவர்கள் பக்கம் போனார்கள்.

கத்தோலிக்கர் பக்கத்திலும் ஒரு கட்டடம் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோவிலுக்கு இரண்டு நடைகள். ஒன்று வெள்ளாளருக்கு, மற்றொன்று நாடாருக்கு. பீடம் மட்டும் இரண்டும் கூடும் இடத்தில். கால்சட்டையைப் போலப் பிரிந்திருந்ததால் அதற்குக் கால்சட்டைக் கோவில் என்றே பெயர் வந்தது. ஒரே பூசை, ஒருவர் முகத்தில் மற்றவர் விழிக்க வேண்டியதில்லை. 1910இல் கௌசானல் அடிகளார் நடுச்சுவரை இடித்தார். வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் சென்றது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் சுவர் திரும்ப எழவில்லை.

அதே 1910இல், நம் வெள்ளாளன்விளையில் பிறந்த பின்னாளில் பேராயரான வி. எஸ். அசரியா எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டு மேடையில் நின்று மேலைநாட்டு மிஷனரிகளைப் பார்த்து, ஏழைகளுக்கு உங்கள் பொருளையெல்லாம் கொடுத்தீர்கள், உங்கள் உடல்களையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் பேசினார். சாதியை விடச் சொல்லி நம்மைக் கண்டித்தவர்கள் தங்கள் நிறத்தை விடவில்லை. மாயம் ஒரு தரப்பின் சொத்தன்று என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். நம் கணக்கைக் குறைத்துக்கொள்வதற்காக அன்று.

ஆலயமணி

பழஞ்சுவடி அவர்களின் பதிவைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் வாசித்தேன். ராஜநாயக்கனைப் பற்றி இத்தனை ஆண்டு சபை வாழ்க்கையில் ஒரு பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

இருந்தாலும் லைப்சிக் காரர்களின் வாதத்தை அத்தனை எளிதாகத் தள்ளிவிட முடியுமா? பிலேமோனின் அடிமை ஒநேசிமுவைப் பவுல் திருப்பி அனுப்புகிறார். அடிமை முறையை ஒழி என்று எழுதாமல், அவனைப் பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எழுதுகிறார். உள்ளே மாற்றம் வந்தால் வெளியே தானாக மாறும் என்பதுதானே அதன் பொருள்? மிஷன் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் வேலை பார்த்த பள்ளியில் படித்த பனையேறிகளின் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும் மருத்துவர்களாகவும் நீதிபதிகளாகவும் போயிருக்கிறார்கள். ஒரே நாளில் பந்தியில் உட்காரவைத்துச் சபையை உடைப்பதைவிட இது மேலான வழி இல்லையா? பொறுமையை மாயம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே கேட்கிறேன்.

சுவருக்கு அப்பால்

ஆலயமணி ஐயா, பள்ளிக்கூடத்தைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. அந்தப் பெஞ்சு இல்லையென்றால் இந்தப் பதிவை எழுத எனக்கு எழுத்து தெரிந்திருக்காது. ஆகவே நன்றிகெட்டவனாக எழுதவில்லை என்பதை முதலில் பதிந்துவிடுகிறேன். நான் தலித் கத்தோலிக்கன். விழுப்புரம் பக்கம்.

பொறுமை என்கிறீர்கள். பொறுத்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பியபோது பவுல் பிலேமோனுக்கு ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினார். நான் வரப்போகிறேன், எனக்கு ஓர் அறையை ஆயத்தம் பண்ணு என்றும் அதில் எழுதினார். நேரில் வந்து பார்ப்பேன் என்பதுதானே அதன் உள்ளர்த்தம்? எங்கள் ஊர்களுக்கு அப்படி வந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

எறையூரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே வன்னியர் கிறிஸ்தவரோடு ஒரே கோவிலில் இருந்த தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று சகாய மாதா கோவில் ஒன்றைக் கட்டி, அதைத் தனிப் பங்காக (தனிக் குருவுள்ள சபை வட்டாரமாக) அறிவிக்கும்படி கேட்டார்கள். பெரிய கோவிலில் சம மரியாதை கிடைத்திருந்தால் எவரும் தனிப் பங்கு கேட்டிருக்க மாட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று கலவரம் மூண்டது. தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒரே செபமாலையைச் சொல்பவர்கள். தவக்காலம் வேறு.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர் இருப்பதும் பலருக்குத் தெரியும். இந்தப் பக்கம் மற்றச் சாதியார், அந்தப் பக்கம் நாங்கள். என் புனைபெயர் அதிலிருந்து வந்ததுதான். ‘வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகள்’ என்று ஆண்டவர் சொன்னதை எல்லோரும் உவமையாகவே வாசிக்கிறார்கள். எங்களால் அப்படி வாசிக்க முடிவதில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று அந்தச் சுவருக்கும் சேர்த்துத்தான் வெள்ளையடிக்கிறார்கள் என்று என் தாய்மாமன் சொல்லிச் சிரிப்பார்.

கிராமங்களில் இது இன்னும் நுட்பமாக நடக்கும். தேர் எந்தத் தெரு வழியாகப் போகும், திருவிழா வரியை யாரிடம் வாங்குவார்கள், வாசகம் வாசிக்க யாரைக் கூப்பிடுவார்கள், செத்தவரைக் கொண்டுபோகும் தூம்பா யாருக்குக் கிடைக்கும் என்பவையெல்லாம் எழுதப்படாத சட்டங்கள். வரி வாங்க மறுப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர் ஏழைகளிடம் பணம் கேட்கவில்லையே, எவ்வளவு நல்ல மனம் என்று நினைத்துக்கொள்வார். வரி கட்டாதவனுக்குத் தேர்வடத்தில் உரிமை இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

மேலே இருப்பவர்கள் பேசவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2003 நவம்பரில் தமிழகத்து ஆயர்கள் சிலர் உரோமைக்குப் போனபோது, சாதிப் பாகுபாட்டின் சாயல்கூடக் கிறிஸ்தவருக்குள் இருக்கக் கூடாது என்ற கருத்தைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்களிடம் நேரடியாகவே சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் முன்னேற்றத்துக்காக ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டு, நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித் என்று கணக்கும் சொல்லி, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை நான் மதிக்கிறேன். அந்த ஆவணம் எங்கள் பங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வாசிக்கப்படவில்லை.

கடைசியாக ஒன்று. எங்களை மாயக்காரர் என்று சொல்பவர்களும் உண்டு. அதையும் நானே எழுதிவிடுகிறேன். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் எங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இடம். ஆகவே சான்றிதழில் ஒரு மதமும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மதமுமாக வாழும் குடும்பங்கள் ஏராளம். 2024 நவம்பரில், புதுச்சேரியில் எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்ட ஒரு பெண்ணின் வழக்கில், உச்ச நீதிமன்றம் இதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றே சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணைக் கோழை என்று பேசியவர்கள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சான்றிதழிலும் சாதி இருக்கிறது. அதற்காக அவர்கள் கிறிஸ்துவை மறைக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. அரசுக்கு முன்னால் நாங்கள் கிறிஸ்தவர், எனவே சாதி இல்லாதவர். பீடத்துக்கு முன்னால் நாங்கள் சாதி, எனவே முழுக் கிறிஸ்தவர் இல்லை. பனங்காட்டான் அண்ணன் தம் மேசையில் கிடக்கும் தாளைப் பற்றிக் கவலைப்படுவது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த விளம்பரத்துக்கு என் தம்பி விண்ணப்பித்தால் உங்கள் அக்காள் என்ன பதில் சொல்வார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அவன் குடிப்பதில்லை, பைபிளும் நன்றாகத் தெரியும்.

வழிப்போக்கர்

நான் கிறிஸ்தவன் அல்லன். இந்த இழையைத் தற்செயலாகப் பார்த்தேன். எங்கள் வீட்டு மணமாலை விளம்பரங்களிலும் இதே சொல் உண்டு. ஆனால் ‘மறுபடியும் பிறந்த’ என்ற அடைமொழி கிடையாது என்பதால் எங்களுக்கு யாரும் மாயக்காரர் என்று பெயர் வைப்பதில்லை. உங்களைச் சுடுவது உங்கள் வேதம்தான் என்று தோன்றுகிறது. அது ஒருவகையில் நல்லதுதானே?

வேதமாணவி

வழிப்போக்கர் ஐயா சொன்னதை நான் குறித்துவைத்துக்கொண்டேன்.

‘சுவருக்கு அப்பால்’ அண்ணன் எழுதியதற்கு மேல் எழுதத் தயக்கமாக இருக்கிறது. உண்மையாக வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு ஆலயமணி ஐயா சொன்ன ‘உள்ளே மாறினால் வெளியே மாறும்’ என்ற வரிசையை மட்டும் தலைகீழாகப் பார்க்கலாமா என்று கேட்க விரும்புகிறேன். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, பறட்டை அண்ணன் என்று எல்லோரும் அன்போடு அழைத்தவர், ‘ஒரே உலை’ என்பதைத் தம் இறையியலின் நடுவில் வைத்தார். கடவுளை நம்புகிறவர்கள் ஓர் உலையில் பொங்கி ஒன்றாக உண்கிறவர்களாக இருக்க வேண்டும். இராப்போஜனம் என்பது அதுதான் என்பது அவர் சொன்னதன் சாரம். நற்கருணை அப்பத்தின் அளவுக்கு அன்பைச் சுருக்கிவிடாமல், வயிறு நிறையும் சோறாக அதை விரித்தார். சேரி மக்களின் நாட்டுப்புற மெட்டிலேயே ஆராதனைப் பாடல்களை அமைத்தார். கர்நாடக இசைக் கீர்த்தனைகளில் பழகிய காதுகளுக்கு அவை பறைச் சத்தமாகக் கேட்டன. அவருக்கும் அது தெரியும்.

நெல்லைச் சபைகளில் அசனம் என்றொரு பண்டிகைச் சாப்பாடு உண்டு. எங்கள் ஊர் அசனத்தில் நான் சிறுமியாக இருந்தபோது பெரிய அண்டாவில் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் வரும். எல்லோரும் ஒரே வரிசையில் மணலில் உட்காருவோம். ஆலய வேலைகளைச் செய்யும் கோயில்குட்டியாரின் குடும்பமும் எங்களோடு உட்காரும். ஆனால் அவர் மனைவி அண்டாப் பக்கம் போய்க் கரண்டி பிடித்ததை ஒருபோதும் பார்த்ததில்லை. யாரும் தடுத்ததாகவும் நினைவில்லை. அவர் போகவில்லை, அவ்வளவுதான். பரிமாறப்படுவதில் இருந்த சமத்துவம் பரிமாறுவதில் இல்லை என்பதை நான் கண்டுகொள்வதற்கு இருபது ஆண்டுகள் ஆயின. போன ஆண்டு அசனக் கமிட்டியில் அதைச் சொன்னேன். “அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது, சிரமம் கொடுக்க வேண்டாம்” என்று பரிவோடு பதில் சொன்னார்கள்.

ஆலயமணி

கரண்டி விஷயம் எங்கள் சபையிலும் அப்படித்தான். எழுபது வயதில் இதை ஒரு பெண் பிள்ளை சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வேறொன்றும் இப்போது எழுத இயலவில்லை.

பனங்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த இழையை அச்செடுத்து அக்காளிடம் கொடுத்தேன். இரண்டு நாட்கள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், வேதமாணவி கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டேன்: யாருக்குப் பயப்படுகிறாய்? எங்கள் பெரியப்பா மகனின் பெயரைச் சொன்னாள். அவருக்கு வயது 82. படுத்த படுக்கை.

பிறகு என் மருமகளே, அதாவது அக்காளின் மகளே, அந்தச் சொல்லை அடித்துவிட்டு இதழுக்குத் தொலைபேசியில் பேசினாள். அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால், “அம்மா, எங்கள் பக்கத்தில் விளம்பரங்கள் பிரிவு வாரியாகத்தான் வருகின்றன, பிரிவைச் சொல்லாவிட்டால் உங்களுடையதை எந்தத் தலைப்பின்கீழ் போடுவது?” என்று கேட்டார். கடைசியில் ‘சாதி தடையில்லை’ என்ற தலைப்பின்கீழ் போட்டார்கள். அந்தத் தலைப்பின்கீழ் மொத்தம் மூன்று விளம்பரங்கள். மற்ற இரண்டும் மறுமணத்துக்கானவை.

இதுவரை நான்கு அழைப்புகள் வந்திருக்கின்றன. நான்கு பேரும் இரட்சிப்பைப் பற்றிக் கேட்டார்கள், சம்பளத்தைப் பற்றிக் கேட்டார்கள். மூன்று பேர், “சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?” என்றும் கேட்டார்கள். தெருவைச் சொன்னதும் இருவரின் குரல் குளிர்ந்தது. எங்களைவிட மேல் என்று நினைப்பவர்கள் போலும். ஒருவரின் குரல் கனிந்தது. அந்தக் கனிந்த குரலைக் கேட்டபோது அக்காளின் முகமும் கனிந்ததை நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

நான்காவதாகப் பேசிய பையன் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. மருமகள் அவனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அவன் எந்த ஊர் என்று நாங்களும் இன்னும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இந்தப் பத்து நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. ஆலயமணி ஐயா தம் மகள்களைப் பற்றி முதல் நாளே எழுதினார். நான் என் திருமணத்தைப் பற்றி இதுவரை எழுதவில்லை. 1994இல் எனக்கும் இதே இதழில்தான் விளம்பரம் கொடுத்தார்கள். என் அப்பா சொல்லச் சொல்ல எழுதியது நான். அன்றைக்குப் பேனா நிற்கவில்லை.

‘சுவருக்கு அப்பால்’ அண்ணனுக்கு: உங்கள் தம்பியைப் பற்றி அக்காளிடம் கேட்டேன். “அவர் என்ன படித்திருக்கிறார்?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “வீட்டில் பேச வேண்டும்” என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.